நபர் ஒன்று, பெயர் தெரியாது

"இந்த ஆஸ்பத்திரியில காப்பின்னு ஒன்னு கலக்கிக் கொண்டாராகளே, அதுக்குப் பேசாம" என்பதோடு கோமதிநாயகத்தின் குரல் அறுந்து நின்றது. அவருடையது மட்டுமல்ல. ரேஷன் கார்டை எங்கே வைத்தாய் என்று மகளை விசாரித்துக்கொண்டிருந்த இரண்டாம் கட்டிலின் குரலும், ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த ஐந்தாம் கட்டிலின் குரலும் அதே நொடியில் நின்றன. வார்டின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சண்முகவடிவு நெற்றியில் அடித்துக்கொண்டாள். இன்றைக்கு இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதை அவள் காலையிலேயே விட்டிருந்தாள்.

பாளையங்கோட்டையில் இருந்த அந்த மறுவாழ்வு மருத்துவமனையின் மாடி வார்டில் ஏழு பேர் படுத்திருந்தார்கள். பக்கவாதத்திலோ விபத்திலோ கழுத்துக்குக் கீழே எல்லாம் போய், நாக்கும் போனவர்கள். தலையில் ஒட்டிய மெல்லிய ஒயர்கள் அவர்கள் சொல்ல நினைப்பதைப் படிக்கும்; ஒரு மென்பொருள் அதைச் சொல்லாக்கித் தலைமாட்டில் இருக்கும் ஸ்பீக்கருக்கு அனுப்பும். ஆளுக்கு ஒரு மென்பொருள், ஒவ்வொன்றும் தன் கன்டெய்னருக்குள். வார்டில் அதற்குப் பெயர் பெட்டி. ஏழு பெட்டிகளும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஒரே இயந்திரத்தில் ஓடின. அந்த இயந்திரத்தை மேய்ப்பதுதான் சண்முகவடிவின் வேலை. மேய்ப்பது என்பது அவளுடைய சொல். ஆறு மாதமாக மாடுதான் அவளை இழுத்துக்கொண்டு போகிறது.

இயந்திரம் மறுபடி எழுந்து குரல்கள் திரும்புவதற்குள் நிர்வாக அலுவலர் செல்வின் துரை படியேறி வந்துவிட்டார். கையில் கைக்குட்டை, முகத்தில் வியர்வை.

"யாரு?" என்றார்.

"தெரியல சார்."

"காலையிலயும் இதேதான் சொன்ன."

"காலையிலயும் தெரியாது சார்."

"சாயங்காலம் குரல் ஆணையத்துலருந்து ஆய்வாளர் வாரார், ஞாபகம் இருக்குல்லா? அவர் நிக்கும்போது இது நின்னுச்சுன்னா வார்டையே மூடச் சொல்லிருவார். ஒருத்தர் அளவுக்கு மீறிப் பேசுதார். அது பதிவை ரொப்பிருது. அந்த ஒருத்தர் பெட்டிய மூடிட்டா மத்தவங்களாவது பேசலாம். யாருன்னு மட்டும் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவர் சொன்னதில் பாதி சரி. குரல் சட்டம் வந்ததற்குக் காரணம் ஒரு சொத்து வழக்கு. நினைவில்லாமல் கிடந்த ஒரு பெரியவரின் ஸ்பீக்கரை அவருடைய மகன்களே பேசவைத்து, ஒரு காம்ப்ளெக்ஸையே எழுதி வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு, பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பேச்சையும் இயந்திரத்தின் அடி ஆழத்தில் இருக்கும் கெர்னலே பதிவு செய்ய வேண்டும், பதிவு நிரம்பி ஒன்று தவறினாலும் இயந்திரம் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சட்டம் ஆயிற்று. பதிவில்லாத பேச்சைவிடப் பேச்சில்லாமை மேல் என்பது சட்டம் எழுதியவர்களின் கருத்து. அவர்கள் எல்லோருக்கும் நாக்கு இருந்தது.

"ஏழு பெட்டி இருக்கு. பெட்டிக்கு ஒரு பதிவு வச்சிக்கிட்டா யாருன்னு தெரிஞ்சிட்டுப் போகுது. இதுக்குப் போய் ஆறு மாசமா" என்றார் செல்வின்.

"சார், இத உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கேன்."

"இன்னொரு தடவ சொல்லு. ஆய்வாளர் கேட்டா நான் சொல்லணும்லா."

சண்முகவடிவு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு மேன்ஷன்னு வச்சிக்கோங்க. ஏழு ரூம். வாசல்ல ஒரே ஒரு வாட்ச்மேன். வெளிய போறவங்க பேர எழுதுதது அவன் வேல. ஆனா ரூமுக்குள்ள ஒவ்வொருத்தனும் ராசா. அவனவன் ரூம்ல அவனவன்தான் ஒன்னாம் நம்பர். வாசலுக்கு வந்து, யாருப்பான்னா, ஒன்னாம் நம்பர்ங்கான். அடுத்த ரூம்காரனும் ஒன்னாம் நம்பர்ங்கான். வாட்ச்மேனுக்கு ரூம்னு ஒன்னு இருக்கதே தெரியாது. மேன்ஷனுக்குள்ள பொறவு தடுப்பு வச்சு ரூமாக்குனவங்க அவன்ட்ட சொல்லவே இல்ல. அவன் எழுதுதான்: நபர் ஒன்னு, பேர் தெரியாது."

"அப்ப ரூமுக்கு ஒரு வாட்ச்மேன் போடு."

"கெர்னல் ஒத்துக்கிடாது சார். பதிவக் கேக்குத காது மிஷினுக்கு ஒன்னுதான். பெட்டிக்குள்ளருந்து இன்னொருத்தன் காத நீட்டுனா, அனுமதியில்லன்னு முடிஞ்சிரும்."

"பெட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டா?"

"மனசுக்குள்ள எட்டிப் பாக்குததுக்கு என்ன தண்டனையோ அதேதான். அதுவும் அந்தச் சட்டத்துலயே இருக்கு."

செல்வின் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வார்டைப் பார்த்தார். குரல்கள் திரும்பிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக மூன்றாம் கட்டிலிலிருந்து, "விட்ட எடத்துலருந்து சொல்லுதேன். அந்தக் காப்பிக்குப் பேசாம கழனித்தண்ணியவே சூடாக்கிக் குடுக்கலாம்" என்று வந்தது.

"கேட்டியா?" என்றார் செல்வின். "இதுக்கு வாட்ச்மேன் வேற எதுக்கு? மூணாம் பெட்டிய மூடிரு. சாயங்காலத்துக்குள்ள."

கோமதிநாயகம் பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். மைக் இல்லாமலே கேட் முழுக்கக் கேட்கும் தொண்டை ஒரு காலத்தில். இப்போது கண்ணிமை மட்டும் அசையும். இயந்திரம் நின்றால் பெட்டிகள் உறைந்துபோய், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் பெட்டியை மூடினால் அது அந்த ஆளைப் பழகிய பழக்கமெல்லாம் அழிந்துவிடும். புதிதாகத் திறந்து, தண்ணீர், வலி, அம்மா என்று ஒவ்வொரு சொல்லாகப் பழக்கி, ஒரு முழு வாக்கியம் வர மழைக்காலம் வந்துவிடும். அதுவரை அவர் மறுபடி ஊமை. சண்முகவடிவு தப்பான ஆளின் பெயரைச் சொன்னால் நடக்கப்போவது அதுதான்.

அவள் மூன்றாம் கட்டிலுக்குப் போய் நின்றாள்.

"வாம்மா எஞ்சினியரு. மீட்டிங் பொட்டல்ல மைக்க ஆஃப் பண்ணுத ஆள் கணக்கா நிக்கியே."

"அண்ணாச்சி, மதியத்துக்கு மேல கொஞ்ச நேரம் பேசாம இருக்க முடியுமா?"

"ஏன்?"

"நீங்க பேசுததுலதான் மிஷின் நிக்குன்னு செல்வின் சார் சொல்லுதாரு. நீங்க பேசாதப்பவும் நின்னா நீங்க இல்லன்னு ஆயிரும்."

"நான் இல்லன்னு நிரூபிக்க நான் வாயப் பொத்திக்கிடணும். வாயே இல்லாதவன. நல்ல நியாயம் தாயி. மேனேஜ்மென்டு அன்னைக்கும் இப்படித்தான் பேசுனான்" என்றது ஸ்பீக்கர். "சரி. கீழ டீக்கடையிலருந்து ஒரு நல்ல காப்பி வாங்கி ரெண்டு சொட்டு உதட்டுல விடச் சொல்லு. பேசாம இருக்கேன்."

ஒருவரை மட்டும் நிறுத்தினால் போதாது என்று அவளுக்குத் தோன்றியது. பேசும் பெட்டிகள் ஆறு. ஆறு பேரையும் தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டாள். இரண்டாம் கட்டில் கோபித்துக்கொண்டது, ஐந்தாம் கட்டில் அந்த நேரத்தில் மனசுக்குள் ஜெபித்துக்கொள்வதாகச் சொன்னது. ஏழாம் கட்டிலிடம் கேட்க ஒன்றுமில்லை. அங்கே ஸ்பீக்கரே மௌனம்.

ஏழாம் கட்டிலில் சுகிர்தா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், கே.டி.சி. நகர் திருப்பத்தில் லாரி இடித்து மூளை அடிபட்டுக் கிடக்கிறாள். உள்ளே யாரும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா சொல்லவில்லை, சோதித்துத்தான் சொன்னார். கேள்வி கேட்பார்கள், கேள்விக்குப் பின்னால் ஒரு துடிப்பு வருகிறதா என்று கருவி பார்க்கும். சுகிர்தாவுக்குக் கேள்வி கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரே மாதிரி ஓயாத துடிப்பு. இரைச்சல் என்று கருவி அதைக் கழித்துவிட்டது. நினைவுச் சான்று கிடைக்காதவருக்குச் சட்டப்படி குரல் கிடையாது. பெட்டி ஓடும், ஸ்பீக்கருக்குப் போகும் வழியைக் கெர்னல் அடைத்து வைத்திருக்கும். கவனிப்புக் காலம் முடிந்ததும் பெட்டியை மூடி ஒயரைக் கழற்றிவிடுவார்கள். அந்தக் காலம் இன்றோடு முடிகிறது. அக்காள் எஸ்தர் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மதியம் பார்வையாளர் நேரத்தில் வார்டு ஒரு தேர்வு ஹால் மாதிரி அமைதியாக இருந்தது. கோமதிநாயகம் உதட்டோரம் காப்பியோடு கண்ணை மூடிக் கிடந்தார். எஸ்தர் மட்டும் வழக்கம்போலத் தங்கையின் தலையைச் சீவிவிட்டபடி பேசிக்கொண்டிருந்தாள். அவளைப் பேசாதே என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை; அவள் பேசுவது பதிவில் சேராது என்பதும் ஒரு காரணம்.

"ஏ சுகி, கீழ் வீட்டுக்காரி மறுபடியும் மோட்டார் போட்டுட்டு மறந்துட்டா. தண்ணி மாடிப்படியெல்லாம் வழிஞ்சு ஓடுது. கேட்டா நம்மளச் சொல்லுதா. சரி அத விடு. சாயங்காலம் இந்த ஒயரெல்லாம் கழத்திருவாங்களாம். தலைக்கு நல்லா எண்ண வச்சிக் குளிப்பாட்டலாம். வீட்டுக்குப் போயிருவோம், என்ன?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இயந்திரத்தின் விளக்கு சிவந்து, அணைந்தது.

சண்முகவடிவுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒருத்தரும் பேசவில்லை, இதற்கு என்ன வந்தது? செல்வின் படியேறி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. "யாரு?" என்று வாசலிலேயே கேட்டார்.

"ஒருத்தரும் பேசல சார். எல்லாரும் சும்மா இருக்கும்போதே நின்னுட்டு."

"அதெப்படி?"

"அதத்தான் பாக்கப் போறேன். கொஞ்சம் சும்மா இருங்க."

அவரிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவரும் சும்மா இருந்தார்.

ஆய்வாளர்களுக்காக வடிவமைத்த திரையைத்தான் அவள் இதுவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பேசியது மட்டும் வரும். சட்டம் கேட்டது அதைத்தான். இன்றைக்கு, இயந்திரம் மறுபடி எழுந்ததும், அவள் அந்தத் திரையை ஒதுக்கிவிட்டு, கெர்னல் எழுதி வைத்ததை அப்படியே திறந்தாள். வரிகள் கொட்டின. நபர் ஒன்று, பெயர் தெரியாது, ஸ்பீக்கர், மறுக்கப்பட்டது. நபர் ஒன்று, பெயர் தெரியாது, ஸ்பீக்கர், மறுக்கப்பட்டது. விரலை வைத்து எவ்வளவு தள்ளினாலும் அதேதான்.

"பேச்சு இல்ல சார்," என்றாள். "மறுப்பு. அனுமதி இல்லன்னு சொல்லுததையும் இது ஒன்னு விடாம எழுதுது. அதுதான் ரொப்புது."

இயந்திரத்தை விற்ற சென்னைக் கம்பெனிக்காரனைப் போனில் பிடிக்க, காத்திருக்கச் சொல்லும் பாட்டெல்லாம் கேட்க வேண்டியிருந்தது. கிடைத்ததும் அவன் சிரித்தான். "இதுக்கா மேடம் இவ்ளோ நாள்? பேசினதைத்தான் பதியணும். மறுத்தது பேச்சே இல்லையே. அதை எழுதாதேன்னு ஒரே ஒரு விதி போடுங்க. சட்டப்படி தப்பில்லை. நான் அனுப்பறேன், அப்படியே ஒட்டிருங்க."

ஒரே வரி. அவள் ஒட்டினாள். இயந்திரம் கொட்டுவதை நிறுத்தியது. திரை வெறிச்சென்று ஆயிற்று. ஆறு மாதத்தில் அவள் அந்தத் திரையை அப்படிப் பார்த்ததே இல்லை. செல்வின் அவள் நாற்காலியின் முதுகில் தட்டி, "வடிவுன்னா வடிவுதான். அப்ப அண்ணாச்சி பெட்டிய மூட வேண்டாம்" என்றார். மூன்றாம் கட்டிலிலிருந்து, "இதுக்குப் பேருதான் பேச்சுவார்த்த" என்று வந்தது. இரண்டாம் கட்டில் ரேஷன் கார்டுக்குத் திரும்பியது.

"ஆய்வாளர் காரணம் கேப்பார்" என்றார் செல்வின். "என்ன சொல்லணும்?"

"மறுப்பு அதிகம்னு சொல்லுங்க."

"யாருக்கு மறுப்புன்னு கேட்டா?"

சண்முகவடிவு வாயைத் திறந்தாள். நபர் ஒன்று, பெயர் தெரியாது என்று சொல்ல வந்தாள். சொல்லவில்லை. ஆறு பேருக்கும் சான்று இருக்கிறது. ஆறு பேர் ஸ்பீக்கருக்கும் வழி திறந்தே இருக்கிறது. அவர்களை யாரும் எதற்கும் மறுக்கவில்லை.

வாட்ச்மேனுக்கு ரூம் தெரியாதுதான். ஆனால் ஏழு ரூமில் ஒன்றுக்குத்தான் வெளியே பூட்டு.

அவள் எழுந்து கண்ணாடி வழியாக ஏழாம் கட்டிலைப் பார்த்தாள். எஸ்தர் சீப்பில் சுற்றிய முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சார், பார்வையாளர் நேரத்துலதான் இது அடிக்கடி நிக்குன்னு சொல்லுவோம்லா. அப்பதான் எல்லாரும் பேசுதாங்கன்னு நினைச்சோம்."

"ஆமா."

"எஸ்தர் அக்கா வார நேரமும் அதான்."

செல்வினுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. "டாக்டர் சோதிச்சிட்டார் வடிவு. அது இரைச்சல். ஒயர் லூசா இருந்தாக்கூட வரும்."

"சான்று வேணும்னா அவங்க பேசணும். பேசணும்னா சான்று வேணும். எவன் சார் எழுதுனான் இத?"

"அதுக்கு நான் என்ன செய்ய? அஞ்சு மணிக்கு ஆய்வாளர். அவர் முன்னாலதான் ஏழாம் பெட்டிய மூடணும். அந்தப் பொம்பளைக்கு இப்ப போய் ஆசையக் காட்டிட்டு, நாளைக்கு ஒயர் லூசுன்னு சொன்னா அந்தப் பாவம் யாருக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. இந்த ஆறு மாதத்தில் அவளிடம் தப்பாகப் பேசியவர் ஒருவர்கூட இல்லை. சட்டம் சரி, டாக்டர் சரி, கம்பெனிக்காரன் சரி, கெர்னல் எழுதியதுகூட ஒரு வரி விடாமல் சரி. எல்லாம் சரியாக இருந்தே ஒருத்தி கழுத்துவரை மூழ்கிக் கிடக்கலாம்.

அவள் உட்கார்ந்து, சற்றுமுன் ஒட்டிய விதியை நீக்கினாள். வரிகள் மறுபடி கொட்டத் தொடங்கின.

"ஏம்மா, நின்னுருமே."

"நிக்கட்டும்."

கைத்திரையை எடுத்துக்கொண்டு ஏழாம் கட்டிலுக்கு நடந்தாள். செல்வின் பின்னாலேயே வந்தார். எஸ்தர் சீப்பை வைத்துவிட்டு எழுந்தாள். "என்ன தாயி, அதுக்குள்ள கழத்தணுமா? அஞ்சு மணின்னு சொன்னாங்க."

"இல்லக்கா. உக்காருங்க." சண்முகவடிவு குனிந்து சுகிர்தாவின் முகத்துக்கு நேராக வந்தாள். அந்த முகத்தோடு அவள் இதுவரை பேசியதில்லை. இத்தனை மாதமும் ஒயரைச் சரி பார்த்திருக்கிறாள், ஸ்பீக்கரைத் துடைத்திருக்கிறாள். கண் பாதி திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த திரையில் வரி மேல் வரி ஏறிக்கொண்டிருந்தது.

என்ன கேட்பது என்று ஒரு கணம் தெரியவில்லை. கேட்டால் பதில் வருகிறதா என்று டாக்டர் பார்த்துவிட்டார். ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பவளிடம் கேள்வி கேட்டு, பதில் வருகிறதா என்று பார்த்தால் என்ன தெரியும்?

"சுகிர்தா டீச்சர்," என்றாள். "நீங்க சொல்லுதது வெளிய வரல. ஆனா நீங்க சொல்ல வாரீங்கன்னு எனக்குத் தெரியுது. நான் சொல்லுதது கேட்டா, கொஞ்சம் நிறுத்துங்க."

திரையில் வரிகள் ஏறின. இன்னும் ஏறின. செல்வின் தொண்டையைச் செருமினார்.

பிறகு நின்றன.

இயந்திரத்தின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. மற்ற குரல்கள் அவரவர் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தன. திரையில் கடைசி வரி அசையாமல் நின்றது. செல்வின் எட்டிப் பார்த்து, "சரியாயிட்டு போலயே" என்றார் பழக்கத்தில்.

"டீச்சர், இப்ப ஒரே ஒரு தடவ."

ஒரு வரி வந்தது. நபர் ஒன்று, பெயர் தெரியாது, ஸ்பீக்கர், மறுக்கப்பட்டது. ஒன்றுதான். அதற்குப் பின்னால் எதுவும் வரவில்லை. விளையாட்டு டீச்சர் விசில் ஊதியதுபோல, சரியாக ஒன்று.

எஸ்தர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சொல்லுதா?"

"அது தெரியாதுக்கா. சொன்னாங்க, இது மறுத்துட்டு. அவ்வளவுதான் இதுல இருக்கு."

"நான் பேசுனதெல்லாம் கேட்டிருக்குமா?"

சண்முகவடிவு கண்ணால் சுகிர்தாவைக் காட்டினாள். கேட்க வேண்டியது தங்கையிடம்தான் என்பது எஸ்தருக்கும் தெரிந்துவிட்டது. அவள் குனிந்து, தங்கையின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். வீட்டில் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"ஏ சுகி. அக்கா தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டேன். இந்த ஒயர எடுக்கட்டுமா, வேண்டாமா? எடுக்கணும்னா சும்மா இரு. வேண்டாம்னா சொல்லு."

மூன்றாம் கட்டிலில் கோமதிநாயகம் நல்ல காப்பிக்கும் கெட்ட காப்பிக்கும் உள்ள வித்தியாசத்தை நர்ஸுக்கு விளக்கத் தொடங்கியிருந்தார். "காப்பிங்கது தாயி, முதல்ல டிகாஷன் எறங்குத விதத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் அறுந்தது. இரண்டாம் கட்டிலின் ரேஷன் கார்டும், ஐந்தாம் கட்டிலின் ஜெபமும் அதோடு நின்றன. சண்முகவடிவின் கையில் வரிகள் கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடி, திரை இருண்டது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு சிவந்து, அணைந்தது.

வார்டு முழுக்க ஒரு சத்தம் இல்லை. இந்த முறை, யாரு என்று செல்வின் கேட்கவில்லை.